மழைக்கோட்டுக்குள் கத்திரி வெயில்

ஏப்ரல் 8, 2024, திங்கள்

விழுப்புரம் பாசஞ்சர் இன்றும் லேட். திண்டிவனம் ஸ்டேஷன் சிமெண்டு பெஞ்சில் காலையிலேயே உட்கார முடியவில்லை. சித்திரை பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். விழுப்புரம் லேபில் வழக்கம்போல ரத்தம், மூத்திரம், ரத்தம், மூத்திரம். பதினாலு வருஷமாக இதே வேலை.

சாயங்காலம் இசைவாணிக்குத் துணையாக ஜிம்முக்குப் போனேன். இசை அலெக்ஸின் தங்கை, என் நாத்தனார். அம்மா அப்பா இல்லாத பெண் என்பதால் என் வீட்டுக்காரர் அலெக்ஸுக்கு அவள் விஷயத்தில் எப்போதும் நெஞ்சு படபடப்புதான். "பொம்பளப் புள்ள தனியா அந்த மல்லாட்டை குடோனுக்குப் போவ வேணாம். நீ கூடப் போ" என்று ஆர்டர். ஆர்டர் போட இவருக்கு வாய் உண்டு, கூடப் போகக் கால் கிடையாது.

குடோன் என்பது பழைய பேர், ஒரு காலத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கின இடம். இப்போது அது கோதண்டபாணி மாஸ்டரின் பளு தூக்கும் கொட்டகை. மேலே தகரம். மல்லாட்டைத் தோல் வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே நுழைந்ததுமே வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்: "மாஸ்டர், ஃபேன் இருக்குதே, ஏன் போடல?" கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் பார்த்தார்கள்.

"ஃபேன் போட்டா வேர்வை நின்னுடும்மா. வேர்வை நின்னுச்சுன்னா வேலை நின்னுச்சுன்னு அர்த்தம்" என்றார் மாஸ்டர்.

தண்ணீர்ப் பானையும் வாசலுக்கு வெளியேதான். கடைசிச் சுற்று முடித்து, சுவரில் இருக்கும் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, மூச்சு அடங்கின பிறகுதான் ஒரு டம்ளர். நடுவில் குடித்தால் நரம்பு தளர்ந்துபோகுமாம். ஏன் தளரும்? கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஏன் என்று தெரியாத விஷயம் பல்லிடுக்கில் மாட்டின கொய்யா விதை. ராத்திரி முழுக்க நாக்கு அங்கேயே போகும்.

ஏப்ரல் 11, வியாழன்

சும்மா உட்கார்ந்து பார்க்க மாஸ்டர் விடவில்லை. "வேடிக்கை பாத்துக்கினு உக்காந்தா இரும்பு கோச்சுக்கும்மா" என்று வெறும் கம்பியைத் தோளில் வைத்துவிட்டார். முப்பத்தாறு வயசில் எனக்கு இது தேவையா? தேவைதான் போலிருக்கிறது. இறக்கி வைத்தபோது சிரிப்பு வந்தது.

இசையின் கணக்கு இதுதான். மே 26 விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும், படுத்துத் தள்ள வேண்டும், தரையிலிருந்து தூக்க வேண்டும். மூன்றையும் கூட்டி யார் அதிகமோ அவர் மாநிலப் போட்டிக்கு. அங்கே பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி திறக்கும். அவள் அறுபது கிலோ இருக்கிறாள். 63 கிலோ பிரிவில் கெடாரிலிருந்து ஒருத்தி வருகிறாள், அவளை யாராலும் அசைக்க முடியாதாம். 57-க்கு இறங்கினால் இசைதான் முதல். மூன்று கிலோதான் குறுக்கே நிற்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட லீவு. விரல் மை காய்வதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டோம். சாயங்காலமும் போனோம். ஒரே நாளில் இரண்டு வேளை. எனக்கு ஒரு சோதனை செய்து பார்க்க ஆசை.

அதே எடை, அதே ஆள் (நான்தான்), அதே சாப்பாடு. சாயங்காலம் தகரம் காய்ந்து கிடக்கும்போது பலம் குறையும் என்றுதான் நினைத்தேன். முதல் தூக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை! சொல்லப்போனால் காலையில் முட்டி கறகற என்றது, சாயங்காலம் எண்ணெய் போட்ட கதவு. அடி வாங்கினது பின்னால்தான். மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டியது. நாலாவதில் கம்பி தோளில் இருக்க, எழவே முடியவில்லை. மாஸ்டர் பிடித்துக்கொண்டார். நாடி பிடித்துப் பார்த்தேன், காலையில் அடங்கிய நேரத்துக்குள் சாயங்காலம் அடங்கவில்லை.

அப்படியென்றால் வெயில் பலத்தைத் திருடவில்லை, திரும்பத் திரும்பச் செய்யும் தெம்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. ரத்தம் எங்கே போகும் பாவம்? தசையும் கூப்பிடுகிறது, சூட்டை வெளியே தள்ள தோலும் கூப்பிடுகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.

இசையிடம் சொன்னேன். "அண்ணி, நீங்க தூக்க வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 29, திங்கள்

இன்று லேபில் ஒரு காரியம் செய்தேன். நேற்று முதுகில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பயிற்சி செய்தேன். அந்தப் பஞ்சைப் பிழிந்து, ரத்தத்தில் உப்பு பார்க்கும் மெஷினில் என் வேர்வையை ஓட்டிப் பார்த்தேன். முதலாளி சீனுவாசன் சார் சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

"அமலா, என்னம்மா சாம்பிள் அது?"

"என் வேர்வை சார்."

"யாரு டாக்டர் எழுதிக் குடுத்தது?" என்றார். சிரிக்காமல் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷன், திட்டவில்லை. என்ன எண் வந்தது என்று அவரும் எட்டிப் பார்த்தார்.

மே 4, சனி

கத்திரி ஆரம்பம். கொட்டகையில் கம்பி வழுக்குகிறது, கையில் தடவின சாக் பவுடர் உடனே களியாகிவிடுகிறது. பேஜாரு.

மே 9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

என் கறுப்பு டீ-ஷர்ட்டில் ஏப்ரலில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு விழும். சோப்பு போட்டாலும் போகாது. இந்த வாரம் கோடு மங்கிவிட்டது. ஆனால் வேர்வை குறையவில்லை, முன்னைவிடச் சீக்கிரமே, கம்பியைத் தொடும்போதே ஆரம்பித்துவிடுகிறது. கண்ணில் பட்டாலும் பழைய எரிச்சல் இல்லை. மறுபடி பஞ்சு, மறுபடி மெஷின் (இந்த முறை சார் சாப்பிடப் போன பிறகு). உப்பு குறைந்திருக்கிறது. உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. தண்ணீரைத் தாராளமாக வெளியே விடு, உப்பை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள் என்று யார் இதற்குச் சொன்னது? நாலாவது சுற்றிலும் இப்போது எழுந்துவிடுகிறேன். அலெக்ஸிடம் தோளைக் காட்டினேன். "ஐயோ, இனிமே உங்கிட்ட வாயைக் குடுக்கக் கூடாது போலக்கீதே" என்றார்.

இன்னொன்று. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தோம், நானும் இசையும். எனக்கு முக்கால் கிலோ, அவளுக்கு ஒன்றரை கிலோ கீழே! இசை எடை மெஷினை விட்டு இறங்கவே இல்லை.

"அண்ணி, ஒரே சாயங்காலத்துல இவ்ளோ கொறையுதா?"

"அது தண்ணிடி. குடிச்சா திரும்ப வந்துடும்."

"குடிச்சாத்தானே?" என்று சிரித்தாள்.

மே 12, ஞாயிறு

கொட்டகை வாசல் பானையில் இன்று கை வைத்துப் பார்த்தேன். வெளியே அனல், பானைக்குள் ஜில். கசிகிற பானைதான் குளிரும். கசிந்த ஈரம் காற்றில் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பானைக்கும் வேர்க்கிறது என்று சொல்லலாம். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் கையை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது.

இசை 58.6. முகம் சின்னதாகிவிட்டது. காலையில் சோறு எடுத்துக்கொள்ளவில்லை, கூழ் மட்டும்.

மே 16, வியாழன்

நாளையிலிருந்து மூன்று நாள் கண்டாச்சிபுரத்தில் ரத்தப் பரிசோதனை முகாம். காலை போனால் இரவுதான் வீடு. ஜிம் கிடையாது. மாஸ்டரிடம் இசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். "எம் பொண்ணு மாதிரிம்மா" என்றார்.

மே 20, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலையில் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். இசை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொடை வலி, நேற்று பயிற்சி அதிகம் போட்டுவிட்டேன் என்றாள். அப்புறம் சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்பது மாதிரிக் கேட்டாள்: "அண்ணி, கேப்பைக் கூழு குடிச்சா ஒண்ணுக்குக் கலர் மாறுமா?"

"இன்னா கலரு?"

"பால் ஊத்தாத டீ."

டப்பாவைக் கொடுத்துப் பிடித்து வரச் சொன்னேன். அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் ரயில் ஏறினேன். பயம் இல்லை அப்போது. என்னவாக இருக்கும் என்ற யோசனைதான். கல்லா? கிருமியா? மாதவிலக்கா?

லேபில் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஸ்ட்ரிப்பை நனைத்தால் ரத்தம், ரத்தம் என்று கரும்பச்சையாக மாறுகிறது. சரி, ரத்தம் என்றால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு தெரிய வேண்டும். தேடினேன். ஸ்லைடை மாற்றித் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ரத்தம் இருக்குது, அணு இல்ல. எப்புடி? எப்புடி முடியும்? படித்த காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது ஒன்று மெல்ல மேலே வந்தது. தசை உடைந்தால் அதில் இருக்கும் சிவப்புச் சத்து சிறுநீரில் வரும். ஸ்ட்ரிப்புக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. அது சிறுநீரகத்தைப் போய் அடைத்துக்கொள்ளும்.

சீனுவாசன் சாரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "யாருது அமலா?" என்றார். போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அலெக்ஸுக்குப் போன். "வண்டியில சரக்கு கீது, எறக்கிட்டு வர்றேன்" என்றார். கத்திவிட்டேன். சரக்கு கெடக்கட்டுங்க, இசையத் தூக்கிக்கினு ஜல்தியா விழுப்புரம் வாங்க!

மே 21, செவ்வாய்

தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் எண் ஒன்று உண்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. இசைக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மெஷின் தப்பு என்று மறுபடி ஓட்டினேன். தப்பு இல்லை.

டாக்டர் காந்திமதி ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் தாங்குமா என்று கேட்டேன். "ரெண்டு நாள் பார்க்கணும். ரத்தத்துல கழிவு இறங்கலைன்னா டயாலிசிஸ்" என்றார் டாக்டர். இருபத்து மூணு வயசு. ஆண்டவரே, இருபத்து மூணு.

என்ன செய்தாய் என்று இசையிடம் டாக்டர் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அலெக்ஸ் வண்டியில் வைத்திருக்கும் மழைக்கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை ஜிப் இழுத்து, அந்தத் தகரத்துக்குக் கீழே, மூன்று நாள். தண்ணீர் வாயைக் கொப்பளித்துத் துப்ப மட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுவதை எண்ணிக்கையே இல்லாமல் செய்திருக்கிறாள். கோட்டைக் கழற்றினால் தண்ணீர் தரையில் கொட்டுமாம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

"57.4 வந்துட்டேன் அண்ணி" என்றாள் படுத்துக்கொண்டே. எனக்கு அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

வராந்தாவில் பிளாஸ்டிக் குடத்தில் குடிதண்ணீர் வைத்திருக்கிறார்கள். குடித்தேன். வெந்நீர். அப்படியே நின்றுவிட்டேன். பானைக்கு வேர்க்கிறது என்று எழுதினேனே, பெரிய விஞ்ஞானி! வேர்வை வழிந்தால் போதாது, அது காற்றில் போனால்தான் குளிர்ச்சி. இந்தப் பெண் தன்னைப் பிளாஸ்டிக் குடமாக்கிக்கொண்டு உள்ளே வெந்திருக்கிறாள். ஃபேனை நிறுத்திய கொட்டகையில் நாங்கள் எல்லாருமே பாதி அப்படித்தான்.

மே 22, புதன்

ரத்தத்தில் க்ரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் கழிவை வெளியே தள்ளவில்லை. லேபுக்குப் போகவில்லை. மூத்திரப் பையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீ.

அலெக்ஸ் சாப்பிடவில்லை. "நான் உன்னத் துணைக்குத்தானே அனுப்புனேன்" என்றார். அப்புறம் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ டப்பால பிடிச்சினு போகலன்னா இன்னா ஆயிருக்கும்" என்று அழுதார்.

மே 23, வியாழன்

டீ கொஞ்சம் நீர்த்த டீ ஆகியிருக்கிறதா? என் கண்ணுக்குத்தான் அப்படியா? நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் "ஆமாக்கா" என்றாள். என் திருப்திக்காகச் சொன்னாளோ என்னவோ.

மே 24, வெள்ளி

இறங்குகிறது. க்ரியாட்டினின் இறங்குகிறது. டயாலிசிஸ் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

மத்தியானம் மாஸ்டர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். இரண்டு கையிலும் இளநீர். நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், தசை உடைந்தவர்களுக்கு அது ஏற்கெனவே ரத்தத்தில் ஏறியிருக்கும், இன்னும் ஏறினால் இதயம் நின்றுபோகும். நான்தான் விளக்கிச் சொன்னேன். இளநீரைக் கீழேயும் வைக்காமல் அப்படியே நின்றார்.

"நல்லதுன்னு நெனைக்கிறது எல்லாம் இப்பிடித்தான் ஆவுது" என்றார்.

கோபம் இருந்தது. கேட்டுவிட்டேன். "மாஸ்டர், இத்தனை வருஷத்துல ஃபேன் இல்லாம, தண்ணி இல்லாம, யாருமே பாதியில வுழுந்தது இல்லியா?"

"வுழுந்தாங்கம்மா. வாந்தி எடுத்தாங்க, மயக்கம் போட்டாங்க. சில பேரு வர்றதையே வுட்டுட்டாங்க." இளநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெம்பு இல்லாத பசங்கன்னு நெனச்சிட்டேன்."

இசையைப் பார்க்காமலே போய்விட்டார். இளநீரை வாட்ச்மேன் குடித்தார்.

மே 26, ஞாயிறு

போட்டி இன்று. அது நடக்கும் கல்யாண மண்டபத்து மைக் சத்தம் ஆஸ்பத்திரி ஜன்னல் வரை கேட்டது. இசை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 17, திங்கள்

நான் மட்டும் கொட்டகைக்குப் போனேன். ஏன் போனேன்? தெரியவில்லை, கால் போனது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. சாக் பவுடர் எல்லார் முகத்திலும் பறக்கிறது, பசங்கள் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பானை உள்ளே வந்துவிட்டது. ஆஞ்சநேயர் படத்துக்கு நேர் கீழே. மாஸ்டர் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஏன் என்று கேட்காமல் இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, திங்கள்

டாக்டர் சம்மதித்துவிட்டார். இசைக்கு வெறும் கம்பி மட்டும். தொடை இளைத்துவிட்டது. உட்கார்ந்து எழுந்தவள் என்னைப் பார்த்தாள். "பயமா கீது அண்ணி." எனக்கும்தான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் அவள் மூத்திரத்தைத் தங்கம் பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வைக்கோல் நிறம். அலெக்ஸ், "ஒரு வூட்டுல நடக்குற காரியமா இது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 21, 2025, திங்கள்

மறுபடி வெயில். இந்த முறை உடம்புக்குக் கற்றுக்கொள்ள நேரம் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் பாதி எடை, சுற்றுக்கு நடுவே நல்ல ஓய்வு, உப்புப் போட்ட மோர். மாஸ்டரே விசில் ஊதுகிறார், மோர் குடிக்க. இசையின் டீ-ஷர்ட்டில் உப்புக் கோடு மங்கிக்கொண்டு வருகிறது. அவளே காட்டினாள், "அண்ணி, உங்க பரீட்சையில நான் பாஸு."

எந்தப் பிரிவு என்று மாஸ்டர் கேட்டார். 63 என்றாள். கெடார்ப் பெண் இருக்கிறாளே என்றார். "இருந்துட்டுப் போட்டும் மாஸ்டர். நான் சாப்புட்டுக்கினு தூக்குறேன்" என்றாள்.

மே 18, 2025, ஞாயிறு

இரண்டாவது இடம். கெடார்ப் பெண்தான் முதல். மாநிலத்துக்கு ஒருத்திதான் போக முடியும், அதனால் இந்த வருஷமும் இல்லை. கடைசித் தூக்கில் இசை இதுவரை தூக்காத எடையைத் தூக்கினாள். மண்டபத்தில் ஏ.சி. வேலை செய்யவில்லை. அலெக்ஸ் விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. கெடார்ப் பெண் வந்து இசையின் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் உன்னப் பாத்து நான் பயப்படணும் போல" என்றாள். இசை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மாநிலம் போகாத வருத்தம் எனக்கு இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் இன்றைக்கு எனக்கு மறக்காமல் இருக்க வேண்டியது காலையில் நடந்தது. எடை பார்க்கும் வரிசை. முன்னால் நின்ற பெண்கள் எடை குறையட்டும் என்று எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி ஸ்வெட்டர் போட்டிருந்தாள், உதடு வெடித்திருந்தது. இசை முறை வந்தது. என் பையிலிருந்து மூடி போட்ட தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பதறிப்போய், "எடை பாத்துட்டுக் குடிம்மா, அரை கிலோ ஏறிடும்" என்றார்.

"ஏறட்டும் சார்" என்றாள். சொம்பைக் காலி செய்து என் கையில் கொடுத்துவிட்டு மெஷின் மேல் ஏறி நின்றாள்.